சிவப்பு பெல்ட் யாருடையது?

ஜூடோவின் தாயகமான டோக்கியோ கோடோகானில் 'டான்' எனப்படும் தகுதிப் படிகளில் முதல் டான் தொடங்கி ஐந்தாம் டான் வரை இடுப்பில் கட்டுவது கறுப்பு பெல்ட். ஆறு, ஏழு, எட்டாம் டான்காரர்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் கட்டம் கட்டமாக மாறிவரும் பெல்ட். ஒன்பதிலும் பத்திலும் முழுச் சிவப்பு. 1882-இல் தொடங்கிய அந்த நிறுவனம் பத்தாம் டானைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்திருக்கிறது. 2006 ஜனவரியில் மூன்று மூத்த ஆசான்களுக்கு அது வழங்கப்பட்டபோதுதான் மொத்த எண்ணிக்கை 15 ஆனது. அந்த மூவருக்கும் அப்போது எண்பதை ஒட்டிய வயது. அவர்களில் ஒருவரை இருபத்திரண்டு வயதுச் சாம்பியனோடு போட்டிக்கு இறக்கினால் முடிவு என்னவாகும் என்று ஊகிக்க ஜூடோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் அந்தச் சாம்பியன் அவர்கள் முன் குனிந்து வணங்குவான். தன்னுடைய டானைவிட அவர்களுடைய டான் பெரியது என்பதில் அவனுக்கே ஐயம் இராது. அப்படியானால் அந்த எண் எதைத்தான் எண்ணுகிறது? தற்காப்புக் கலைகளின் உயர்நிலைத் தகுதிகளைப் பற்றிய இந்தக் கேள்வி விளையாட்டு விதிகளுக்குள் அடங்குவதில்லை. ஒரு மனிதனின் முதிர்ச்சியை ஒரு நிறுவனம் அளக்க முடியுமா, முடியாதென்றால் எதை அளந்து அந்தச் சிவப்பை அவன் இடுப்பில் கட்டுகிறது என்ற பழைய தத்துவச் சிக்கல்தான் இங்கே வேறு உடையில் வந்து நிற்கிறது.

இதற்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. கலைக்கு வெளியே நிற்பவர், டான் கூடக் கூடத் திறமை கூடுகிறது, பத்தாம் டான்காரரை யாரும் வெல்ல முடியாது என்று நம்புகிறார். கலைக்குள் இருப்பவர் அந்த நம்பிக்கையைப் பார்த்துச் சிரிப்பார். ஐந்துக்கு மேலே போனால் உடல் முக்கியமில்லை, அங்கே அளக்கப்படுவது மனப்பக்குவம், ஆன்மிக நிலை என்பார். முதல் பதில் எளிதில் உடைந்துவிடும். இரண்டாவது கேட்க அழகாக இருப்பதால் கேள்வி கேட்கப்படாமலே தப்பிவிடுகிறது. என் வாதம் இரண்டையும் மறுப்பது. உயர்ந்த டான் ஒருவரின் திறமையையும் அளப்பதில்லை, உள்ளத்தையும் அளப்பதில்லை. அது ஒரு பொறுப்பு ஒப்படைப்பு. கோயில் அறங்காவலருக்குக் கோயில் சொந்தமாவதில்லை. அதைக் காத்து, கணக்குக் காட்டி, அடுத்தவரிடம் ஒப்படைக்கும் கடமைதான் அவருக்குச் சொந்தம். சிவப்பு பெல்ட் கட்டியவரின் நிலையும் அதுவே. இந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால்தான் அந்தத் தகுதிக்கு நியாயம் இருக்கிறது. வேறு பொருளில் எடுத்தால் அது தற்பெருமையாகவோ வியாபாரமாகவோதான் முடியும்.

டான் முறையின் பிறப்பிலேயே இந்தக் குழப்பத்தின் விதை இருக்கிறது. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ இளைஞராக இருந்தபோது தென்ஜின் ஷின்யோ ரியூ, கிட்டோ ரியூ என்ற பழைய ஜுஜுட்சு மரபுகளில் பயின்றார். அத்தகைய மரபுகளில் பெல்ட் நிறமோ எண் வரிசையோ கிடையாது. சில கட்டங்களில் ஆசான் சீடனுக்கு ஓலைபோல் சுருட்டிய சான்றிதழ் கொடுப்பார். கடைசியாகக் கிடைக்கும் சான்றிதழ், அந்த மரபில் உள்ளது அனைத்தும் உனக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது, இனி நீ கற்பிக்கலாம் என்று சொல்லும். அது உரிமம், சீடன் எத்தனை பேரை வீழ்த்தக்கூடியவன் என்பது அதில் இராது. 1883-இல் கானோ தம் சீடர்களான ஷிரோ சாய்கோ, ட்சுனெஜிரோ டொமிட்டா இருவருக்கும் முதல் டான் கொடுத்தபோது இந்த உரிம முறைக்குப் பதிலாக வேறொன்றை வைத்தார். அதை அவர் எடுத்தது 'கோ' என்னும் பலகை ஆட்டத்திலிருந்து. பதினேழாம் நூற்றாண்டில் ஹொனின்போ டோசாகு ஒழுங்குபடுத்திய அந்த ஆட்டத்தின் டான் வரிசைக்குக் கறாரான வேலை ஒன்று உண்டு. இரண்டு ஆட்டக்காரர்களின் டான்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பார்த்து, பலம் குறைந்தவருக்கு எவ்வளவு சலுகை தரவேண்டும் என்று தீர்மானிப்பார்கள். அங்கே எண் உண்மையிலேயே பலத்தின் அளவு. கானோவின் ஏணியில் இந்த அளவுகோலும் பழைய உரிமமும் ஒன்றாகக் கட்டப்பட்டன. கீழ்ப்படிகள் அளவுகோலின் இயல்போடும், மேற்படிகள் உரிமத்தின் இயல்போடும் இருக்கின்றன. ஒன்று முதல் பத்து வரை இடைவெளியில்லாமல் எண்கள் ஓடுவதால், நடுவில் எங்கோ பொருள் மாறிவிட்டது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அந்த மாற்றத்தை நடைமுறையில் தெளிவாகவே காணலாம். கோடோகானில் 'கோஹாகு ஷியாய்' என்ற பழைய வழக்கம் இருக்கிறது. சிவப்பு அணி, வெள்ளை அணி என்று பிரிந்து வரிசையாக மோதும்போது ஓர் இளைஞன் அடுத்தடுத்துப் பலரை வீழ்த்தினால் அந்த இடத்திலேயே அவனுக்கு அடுத்த டான் கிடைத்துவிடும். கீழ்ப்படிகளுக்கு இது பொருத்தமான முறை. மேற்படிகளில் இதற்கு இடமே கிடையாது. ஜப்பானிய வாள்வீச்சுக் கலையான கெண்டோவில் முதல் டானிலிருந்து இரண்டாம் டானுக்கு ஓராண்டும், இரண்டிலிருந்து மூன்றுக்கு இரண்டாண்டும் காத்திருக்க வேண்டும். இப்படி ஏறிக்கொண்டே போய் ஆறிலிருந்து ஏழுக்கு ஆறாண்டு ஆகும். ஏழிலிருந்து எட்டுக்குப் பத்தாண்டு கழிந்திருப்பதோடு 46 வயதும் நிறைந்திருக்க வேண்டும். சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பின் விதிப்படி 19 வயதுக்கு முன் கறுப்பு பெல்ட் கிடையாது. அதிலிருந்து சிவப்பு பெல்ட்டை எட்டக் குறைந்தது 48 ஆண்டுகள் ஆகும். ஆக 67 வயதுக்கு முன் எப்பேர்ப்பட்ட மேதையும் அதைத் தொட முடியாது. ஓர் அளவுகோல் இப்படி நடந்துகொள்ளாது. கணிதத்தில் மேதையான பதினைந்து வயதுச் சிறுவனிடம், நீ விடையைச் சரியாகச் சொன்னாலும் இன்னும் முப்பது ஆண்டு கழித்து வா என்று எந்தத் தேர்வும் சொல்வதில்லை. மேதையைக் காக்கவைக்கும் தேர்வு மேதைமையைத் தேடவில்லை. அது வேறெதையோ தேடுகிறது.

திறமைதான் அளவு என்ற கருத்தை உடலின் இயற்கையே மறுத்துவிடும். ஜூடோ வீரர் யாசுஹிரோ யமாஷிட்டா 203 தொடர் வெற்றிகளோடு 1985-இல் போட்டிக் களத்தை விட்டு விலகியபோது அவருக்கு வயது 28. அந்தக் காலகட்டத்தில் உலகில் அவரை வீழ்த்தக்கூடியவர் எவரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் சிவப்பு பெல்ட் அவருக்கு வெகு தொலைவில் இருந்தது. இதற்கு எதிராகக் கியூஸோ மிஃபுனேயை யாராவது காட்டக்கூடும். 1945-இல் பத்தாம் டான் பெற்ற அந்தச் சிறிய உருவக்காரர், எழுபதைக் கடந்த வயதில் இளைஞர்களை அநாயாசமாகச் சுழற்றி எறியும் படக்காட்சிகள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. மிஃபுனே அரியவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் காட்சிகளில் நாம் பார்ப்பது பயிற்சியும் செயல்விளக்கமும்; பதக்கத்துக்கான போட்டி அன்று. அவருடைய பெருமை எத்தனை பேரை எறிந்தார் என்பதில் இல்லை. சமநிலை குலையும் கணத்தை உடலால் எப்படி அறிவது என்பதைப் பார்ப்பவருக்குப் புரியும்படி செய்துகாட்டினார் என்பதில்தான் இருக்கிறது. அது கற்பிப்பவனின் திறமை. மிஃபுனேயின் எடுத்துக்காட்டு, நுணுகிப் பார்த்தால், நம் வாதத்தின் பக்கமே சாய்கிறது.

இனி இரண்டாவது பதிலுக்கு வருவோம். உயர்ந்த டான் உள்முதிர்ச்சியின் சான்று என்ற எண்ணம் பல கதைகளை உருவாக்கியிருக்கிறது. முற்காலத்தில் வெள்ளை பெல்ட்டைத் துவைக்காமலே கட்டிக் கட்டி, வியர்வையும் மண்ணும் ஏறி அது கறுத்துப்போனதாம். அதுதான் கறுப்பு பெல்ட் ஆனதாம். இன்னொரு கதை, கானோ சாகும் தறுவாயில் சீடர்களை அழைத்துத் தம்மை வெள்ளை பெல்ட்டோடு அடக்கம் செய்யச் சொன்னதாகக் கூறும். முதல் கதை வரலாறு அன்று. 1880-களில் டான் பெற்றவர்களைப் பெறாதவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்கென்றே கோடோகான் கறுப்பு நிறத்தைக் கொண்டுவந்தது. வெள்ளைக்கும் கறுப்புக்கும் இடையிலான பல வண்ணங்கள் அதற்கு வெகுகாலம் கழித்து ஐரோப்பாவில் பரவியவை. இரண்டாவது கதைக்கும் ஆதாரமில்லை. கானோ கெய்ரோவில் நடந்த ஒலிம்பிக் குழுக் கூட்டத்திலிருந்து திரும்பும் வழியில், 1938 மே மாதம், ஹிகாவா மாரு என்ற கப்பலில், நடுக்கடலில் உயிர்நீத்தார். கதைகள் பொய் என்று ஒதுக்கிவிட்டால் மட்டும் போதாது. அவை ஏன் இவ்வளவு விரும்பப்படுகின்றன என்று யோசிக்க வேண்டும். பெல்ட்டின் நிறம் மனிதனின் உழைப்பிலிருந்தும் பணிவிலிருந்தும் தானாக ஊறி வரவேண்டும், வேறொருவர் கட்டிவிட்டதாக இருக்கக்கூடாது என்ற ஏக்கம் இரண்டு கதைகளிலும் இருக்கிறது. ஏக்கம் நல்லதுதான். ஆனால் நடப்பில் பெல்ட்டை எப்போதும் வேறொருவர்தான் கட்டிவிடுகிறார். அந்த வேறொருவருக்கு அடுத்தவர் உள்ளத்தைப் பார்க்கும் கண் இல்லை.

இந்தச் சிக்கலைப் பௌத்த சங்கம் இருபது நூற்றாண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டு தீர்வும் கண்டிருக்கிறது. தற்காப்புக் கலைகள் தங்கள் ஆன்மிகச் சொற்களைப் பெரும்பாலும் பௌத்தத்திலிருந்தே கடன் வாங்கியிருப்பதால் இந்த ஒப்பீடு இங்கே பொருந்தும். மனிதரின் அகநிலைகளைப் படிப்படியாக வகுத்துச் சொல்வதில் பௌத்தத்துக்கு ஈடான மரபு அரிது. ஆனால் சங்கத்தின் விதிநூலான வினயப் பிடகத்தின்படி பிக்குகள் அமரும் வரிசை அந்த அகநிலைகளைப் பொறுத்ததன்று. துறவு ஏற்று எத்தனை மழைக்காலம் கழிந்தது என்பதைப் பொறுத்தது. நேற்றுத் துறவேற்றவர் இன்றே ஞானத்தின் உச்சியை எட்டியிருந்தாலும், பத்து மழைக்காலம் கடந்த சாதாரண பிக்குவை அவர் வணங்கத்தான் வேண்டும். தான் எட்டாத உயர்நிலையை எட்டியதாகத் தெரிந்தே சொல்பவர் சங்கத்தை விட்டே நீங்குகிறார். உண்மையிலேயே எட்டியிருந்தாலும் அதைத் துறவேற்காதவரிடம் சொல்வது குற்றம். அகத்தை மதிக்கத் தெரிந்தவர்கள் என்பதாலேயே அதைப் பதவி வரிசையோடு கலக்க அவர்கள் மறுத்தார்கள் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். மழைக்காலங்களை எண்ணுவதில் ஏமாற்ற முடியாது. ஞானத்தை எண்ணப் புகுந்தால் ஏமாற்று தவிர வேறு எதுவும் மிஞ்சாது. பத்தாம் டானை ஞானச் சான்றிதழ் என்று கொண்டாடுகிறவர்கள், பௌத்தமே செய்யத் துணியாததை ஒரு விளையாட்டுக் கழகத்தின் குழுவிடம் எதிர்பார்க்கிறார்கள்.

அப்படியானால் ஒப்படைக்கப்படுவது என்ன? கெண்டோ இதற்கு வெளிப்படையான விடையைத் தருகிறது. 1895-இல் கியோட்டோவில் அமைந்த டாய் நிப்பான் புட்டோகுகாய் என்ற அமைப்பின் காலத்தில் உருவான ரென்ஷி, கியோஷி, ஹான்ஷி என்ற பட்டங்கள் டான் வரிசையிலிருந்து தனியாக நின்றன. இன்றைய அனைத்து ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பும் அந்தப் பிரிவினையைக் காத்துவருகிறது. அதன் விதிகளில் டான் என்பது மனக் கூறுகளையும் உள்ளடக்கிய தொழில்நுட்பத் திறன். பட்டம் என்பது அதோடு சேர்ந்த வழிநடத்தும் ஆற்றலும் கெண்டோக்காரருக்கு உரிய விவேகமும். 2000-இல் அவர்கள் ஒன்பதாம், பத்தாம் டான்களை வழங்குவதையே நிறுத்திவிட்டு எட்டோடு ஏணியை முடித்துக்கொண்டார்கள். திறனை எண்ணும் எண்ணுக்கு ஓர் எல்லை உண்டு, அதற்கு அப்பால் நடப்பது வேறு வகைப் பணி என்று ஒரு மரபு தானே ஒப்புக்கொண்டதாகவே இதை நான் பார்க்கிறேன். அந்தப் பணி என்ன என்று பார்த்தால், அது மூன்று காரியங்களில் அடங்கும். கட்டா எனப்படும் அசைவு வடிவங்கள் சிதையாமல் அடுத்த தலைமுறைக்குப் போகவேண்டும். இளையவர்கள் பார்த்துப் பழகத் தக்க உடலொழுங்கு கண்முன் இருக்கவேண்டும். யாருக்கு டான் கொடுக்கலாம் என்று தீர்மானிக்கும் மேசையில் அமர்ந்து நடுநிலையோடு கையெழுத்திட வேண்டும். மூன்றுமே வெளியிலிருந்து பார்த்துச் சரிபார்க்கக்கூடியவை. அறங்காவலர் எத்தகைய பக்திமான் என்பதை யாரும் அளக்க முடியாது. விளக்கு எரிகிறதா, கணக்கு நேராக இருக்கிறதா என்பதை எவரும் பார்க்கலாம்.

இந்த விளக்கத்துக்கு வலுவான சான்று, கொடுத்த தகுதியைத் திரும்பப் பெற முடிவதுதான். ரஷ்ய அதிபர் விளாதிமிர் புதினுக்கு உலக டேக்வாண்டோ அமைப்பு 2013-இல் கௌரவ ஒன்பதாம் டான் கறுப்பு பெல்ட் வழங்கியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது படையெடுப்பு தொடங்கிய சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கற்றிராத கலையில் உயர்ந்த தகுதி கொடுத்தது சரியா என்பது ஒருபுறம் இருக்கட்டும். தகுதி என்பது திறமை என்றால் அதைத் திரும்பப் பெறுவதற்குப் பொருளே இல்லை. நீச்சல் தெரிந்தவரிடமிருந்து நீந்தும் திறமையைத் தீர்மானம் போட்டுப் பறிக்க முடியாது. அது அகநிலை என்றாலும் அப்படியே. ஞானம் பெற்றவரின் ஞானத்தை ரத்து செய்ய எந்தக் குழுவுக்கும் அதிகாரம் இல்லை. திரும்பப் பெறக்கூடியது ஒன்றே ஒன்று: நம்பி ஒப்படைத்தது. ஓர் அமைப்பு தன் பெயரையும் மதிப்பையும் ஒருவரிடம் கொடுத்திருந்தது, இனி அவர் அந்தப் பெயரைச் சுமக்க வேண்டாம் என்று முடிவு செய்தது. உயர்ந்த டான் என்பது கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையிலான உறவு என்பதை, அந்த உறவு முறியும்போதுதான் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

ஒப்படைக்கப்பட்டதை வைத்துக்கொண்டே இருப்பதற்கல்ல, விட்டுக்கொடுப்பதற்கே அது தரப்படுகிறது என்ற கருத்தும் ஜப்பானியக் கலைமரபில் பழையது. நோ நாடகத்தைச் செம்மைப்படுத்திய ஸேயாமி, பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடிகனின் வளர்ச்சியை வயது வயதாக ஆராய்ந்தார். தம் தந்தை கன்அமி 52 வயதில், இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன், சுருகா மாகாணத்தில் ஒரு கோயிலில் நடித்ததை அவர் பதிவு செய்கிறார். கடினமான, கவர்ச்சியான பகுதிகளைக் கன்அமி அதற்குள் இளையவர்களிடம் விட்டுவிட்டிருந்தார். எளியதை மட்டும் அடக்கமாகச் செய்தார். ஆனால் அன்றைய அவையில் மலர்ச்சி அவரிடமே மிகுதியாகத் தெரிந்தது. ஸேயாமி வகுத்த ஒன்பது படிநிலைகளிலும் வியப்பான ஒன்று உண்டு. பயிற்சி நடுவிலுள்ள மூன்று படிகளில் தொடங்கி மேல் மூன்றுக்கு ஏறும். முழுமை பெற்றவர் அதன்பின் கீழ் மூன்றுக்கும் இறங்கி வரமுடியும். ஏணியின் உச்சி தங்கியிருக்கும் இடமன்று. அங்கே போய்வந்தவரே கரடுமுரடான கீழ்ப்படிகளிலும் பொருள் குன்றாமல் நிற்க முடியும் என்பது அவர் கண்ட முடிவு. எட்டாம் டான் ஆசான் ஒருவர் தொடக்கநிலை மாணவனின் பிடியைத் திருத்தப் பாயில் அமரும்போது செய்வது இந்த இறக்கத்தைத்தான்.

இதற்கு எழக்கூடிய முதல் மறுப்பு கடுமையானது. பொறுப்பு, அறங்காவல் என்பதெல்லாம் பூச்சு. நடப்பில் இது கிழவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் அதிகாரம், வெளியாட்களை உள்ளே விடாத வேலி என்பார்கள். கெய்கோ ஃபுகுடாவின் வாழ்க்கை இந்த மறுப்புக்கு உயிருள்ள சாட்சி. கானோவுக்கு ஜுஜுட்சு கற்பித்த ஹச்சினோசுகே ஃபுகுடாவின் பேத்தி அவர். கானோவிடமே நேரடியாகப் பயின்றவர். 1953-இல் ஐந்தாம் டான் பெற்றார். பெண்களுக்கு அதற்கு மேல் கிடையாது என்ற விதி இருந்ததால் அங்கேயே நிறுத்தப்பட்டார். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே 1972-இல் ஆறாம் டான் வந்தது. 2006-இல் கோடோகான் ஒன்பதாம் டான் கொடுத்தது. பத்தாம் டானை 2011-இல் அமெரிக்க ஜூடோ அமைப்புதான் கொடுத்தது, அப்போது அவருக்கு 98 வயது. இது அநீதி என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இதை அநீதி என்று ஏன் சொல்கிறோம்? டான் வெறும் அலங்காரமாக இருந்தால் அது கிடைக்காததில் இழப்பில்லை. அது திறமையின் அளவாக இருந்தால், அளவு தவறு, திருத்துங்கள் என்பதோடு முடிந்திருக்கும். ஃபுகுடாவுக்கு மறுக்கப்பட்டது கலையின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் ஓர் இருக்கை. அவர் கற்பித்த பெண்களின் தகுதியைக் கூட வேறு ஆண்கள் தீர்மானித்தார்கள். பொறுப்பைத் தாங்கத் தக்கவரிடம் பொறுப்பை மறுத்தது என்று சொல்லும்போதுதான் அந்த அநீதியின் முழு எடை தெரிகிறது. மறுப்பு நிறுவனத்தைக் குற்றவாளியாக்குகிறது, வாதத்தைச் சாய்க்கவில்லை.

இரண்டாவது மறுப்பு கெண்டோவிலிருந்தே வரும். எட்டாம் டான் தேர்வில் நூற்றுக்கு ஒருவர் அளவிலேயே தேறுகிறார்கள். ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் ஆண்டுதோறும் வந்து தேறாமல் திரும்புகிறார்கள். இவ்வளவு கொடிய வடிகட்டலை வைத்துக்கொண்டு உயர்நிலையில் திறமை அளக்கப்படுவதில்லை என்று எப்படிச் சொல்லலாம்? சொல்லலாம், ஏனென்றால் அந்தத் தேர்வில் வென்றவர், தோற்றவர் என்று அறிவிக்கப்படுவதே இல்லை. சில நிமிடங்களே நடக்கும் மோதலில் எத்தனை அடி விழுந்தது என்று யாரும் புள்ளி எண்ணுவதில்லை. அடி விழுவதற்கு முன் எதிராளியின் மனத்தை எப்படி அழுத்தினார், வாய்ப்பில்லாத இடத்தில் வாளை ஓங்காமல் எப்படி இருந்தார், நிற்கும் நிலையில் தகுதியும் தோரணையும் இருந்தனவா என்பதை மூத்தவர்கள் பார்க்கிறார்கள். இது திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் இது வெல்வதற்கான திறமை அன்று; பின்பற்றுவதற்குரிய திறமை. இவர் செய்வதைப் பார்த்து நூறு இளைஞர்கள் பழகினால் கலை செம்மையாகுமா, கெடுமா என்பதே அங்கே மறைமுகமாகக் கேட்கப்படும் கேள்வி. முன்மாதிரியாக நிற்கும் பொறுப்பை ஒப்படைக்கும் முன் நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேரைத் திருப்பி அனுப்புவது, அந்தப் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதையே காட்டுகிறது.

மூன்றாவது மறுப்பு தத்துவத்திலிருந்து எழுகிறது. 'நான்' என்ற அகந்தையைக் கரைப்பதே இக்கலைகளின் இலக்கு என்று சொல்லிக்கொண்டு, அந்த 'நான்' இடுப்பில் நிறம் நிறமாகக் கட்டிக்கொள்ள ஏணி ஒன்றை வைப்பது முரண்பாடில்லையா? ஏணியையே எடுத்துவிட்டால் என்ன? எடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. கோஜு ரியூ கராத்தேயை உருவாக்கிய சோஜுன் மியாகி தம் சீடர்களுக்கு டான் வழங்காமலே 1953-இல் மறைந்தார் என்பது அந்த மரபினர் சொல்லும் செய்தி. அதனால் அங்கே மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடு மறையவில்லை. அவருக்குப் பின் யார் வாரிசு என்ற தகராறுதான் மிஞ்சியது; மரபு பல கிளைகளாகப் பிரிந்தது. பட்டம் இல்லாத இடத்தில் அதிகாரம் இல்லாமல் போவதில்லை. யார் கையில் இருக்கிறது என்று சொல்ல முடியாமல் போகிறது, அதனால் யாரிடமும் கணக்குக் கேட்க முடியாமலும் போகிறது. கெண்டோ நல்ல நடுவழியைக் காட்டுகிறது. அங்கே எட்டாம் டான்காரரும் முதல் டான்காரரும் ஒரே கருநீல உடையில்தான் நிற்கிறார்கள். டானைக் காட்டும் பெல்ட்டே இல்லை. பொறுப்பு பதிவேட்டில் இருக்கிறது, உடம்பில் இல்லை. அகந்தைக்குத் தீனியாவது காட்சிப்படுத்துதல். வரிசையைப் பதிந்துவைப்பதால் அகந்தை வளர்வதில்லை.

மிஞ்சியிருப்பது எல்லாவற்றையும்விடக் கடினமான மறுப்பு: காப்பவரைக் காப்பவர் யார்? இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946-இல் புட்டோகுகாய் கலைக்கப்பட்டது. பின்னர் இக்கலைகள் உலகெங்கும் பரவ, அமைப்புகள் பெருகின. ஒவ்வொன்றுக்கும் தனித் தலைவர், தனிச் சான்றிதழ். தலைவரே தமக்குப் பத்தாம் டான் போட்டுக்கொள்வதும் நடந்தது. நேர்மையான இடங்களிலும் கணக்கு ஒத்துவருவதில்லை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்று ஜப்பானை அதிரவைத்த டச்சுக்காரர் அன்டன் ஹேசிங்குக்குச் சர்வதேச ஜூடோ கூட்டமைப்பு 1997-இல் பத்தாம் டான் கொடுத்தது. கோடோகானின் பதினைந்து பேர் பட்டியலில் அவர் இல்லை. நம் ஊர்களிலும் பள்ளிக்கூட மாடியில் நடக்கும் கராத்தே வகுப்பில், பால்மணம் மாறாத பிள்ளைகள் கறுப்பு பெல்ட்டோடு நிற்பதைப் பார்க்கிறோம். கொரியாவின் டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவோன், பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டான் தராமல் 'பூம்' என்று தனித்தகுதி வைத்திருப்பது இங்கே நினைக்கத் தக்கது. சிறுவனுக்கு உதைக்கத் தெரியும்; இன்னொருவரின் வளர்ச்சிக்குப் பதில் சொல்லும் வயது அவனுக்கு வரவில்லை. தகுதி என்பது ஒப்படைப்பு என்ற விளக்கம் இந்தக் குழப்பங்களை ஒழித்துவிடாது. அவற்றைத் தரம் பிரிக்க ஒரு வழி தரும். ஹேசிங்கின் டான் பொய்யன்று. அவரை நம்பிய அமைப்பும், அவர் பதில் சொல்லவேண்டிய இடமும் வேறு, அவ்வளவே. தனக்குத் தானே கொடுத்துக்கொண்டவருடையதுதான் பொய். அவர் பலவீனர் என்பதால் பொய் என்று சொல்லவில்லை, அவர் பலசாலியாகவே இருக்கலாம். அவரிடம் கணக்குக் கேட்க யாரும் இல்லை என்பதால் பொய்.

ஆகவே உயர்ந்த டான் உடைய ஒருவரைப் பற்றி அறிய விரும்பினால், அவர் யாரை வெல்வார் என்றோ, எவ்வளவு ஞானம் பெற்றிருக்கிறார் என்றோ கேட்பதில் பயனில்லை. முதல் கேள்விக்கு விடை வயதோடு மாறும். இரண்டாவதற்கு விடை யாருக்கும் தெரியாது. அந்தத் தகுதியை அவரிடமிருந்து திரும்பப் பெறும் உரிமை யாருக்கு இருக்கிறது, அவர் கையெழுத்திட்டு உயர்த்தியவர்கள் எப்படிப்பட்டவர்கள், அவரைவிடச் சிறந்தவராக வளரக்கூடிய ஒருவரை அவர் தடுத்திருக்கிறாரா, வளர்த்திருக்கிறாரா என்று கேட்கலாம். இவற்றுக்கு விடை தேட முடியும். தேடிக் கிடைத்த விடையைக் கொண்டு அவரை மதிக்கவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம். கானோ தம் கலைக்கு வகுத்த இரு கோட்பாடுகளில் ஒன்று, தானும் பிறரும் சேர்ந்து செழிப்பது. அதன் தர்க்கத்தை ஏணியின் உச்சி வரை கொண்டுபோனால் வந்து நிற்கும் முடிவு இதுதான்: கீழ்ப்படிகளில் ஒருவன் தன் முன்னேற்றத்துக்காகத் தகுதி பெறுகிறான், மேற்படிகளில் பிறருடைய முன்னேற்றத்துக்கு அவன் பிணையாக்கப்படுகிறான். சீடர்கள் வளரவில்லை என்றால் சிவப்பு பெல்ட் கட்டியவர் எவ்வளவு பெரிய வீரராக இருந்திருந்தாலும் தம் டானுக்குத் தகாதவர். அவர்கள் அவரை மிஞ்சி வளர்ந்திருந்தால், எழுந்து நிற்கவே இன்னொருவர் கை கொடுக்க வேண்டிய வயதிலும் அந்த எண்ணுக்கு அவர் முழுக்க உரியவர்.